கோபா மாசி போட்ட கொண்டை

கொல்கத்தாவில் என்னைவிடப் பெரிய கோபக்காரர் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் டாலிகஞ்சில் கொண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

சும்மா சொல்லவில்லை. கத்துவது எனக்குத் தொழில். கிடர்பூர் துறைமுகத்தில் ஒரு கப்பல் கம்பெனிக்குச் சரக்கு இறக்கும் மேற்பார்வையாளன். கிரேன்காரன் மேலே, சுமை தூக்குகிறவர்கள் கீழே, லாரிக்காரன் வெளியே. மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் கேட்கிற மாதிரி பேசிப் பேசி, தூத்துக்குடியில் பிறந்தபோது இருந்த சாதாரணக் குரல் எனக்குப் போய்விட்டது. வீட்டில் சாப்பிடும்போது உப்பு கேட்டால் எதிர் ஃபிளாட்காரர் கொண்டுவந்து கொடுப்பார். அப்பேர்ப்பட்ட என்னை வாயைத் திறக்கவிடாமல் முக்காலியில் உட்கார வைத்தவர் கோபா மாசி.

மாசி என்றால் வங்காளத்தில் சித்தி. ஊருக்கே சித்தி. நிஜப் பெயர் யாருக்கும் தெரியாது. டாலிகஞ்ச் மெட்ரோ ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு சந்தில், ஒரே ஒரு அறை. போர்டு கிடையாது. முப்பது வருஷம் சினிமா ஸ்டூடியோக்களில் புராணப் படத்து ராணிகளுக்குக் கொண்டை போட்டவர். ராணிகள் போய் சீரியல் மாமியார்கள் வந்ததும், "மாமியாருக்கெல்லாம் நான் போட மாட்டேன்" என்று வெளியே வந்துவிட்டாராம்.

அறையில் ஒரு நாற்காலி, ஒரு கண்ணாடி. கண்ணாடி சுவரைப் பார்த்துத் திரும்பியிருக்கும். வேலை முடிகிறவரை தலைக்குச் சொந்தக்காரி தன் தலையைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் யோசனை சொல்வாளாம். வாயில் எப்போதும் பத்துப் பன்னிரண்டு கொண்டை ஊசி. அவற்றைக் கடித்துக்கொண்டேதான் திட்டுவார். பாதி புரியாது. திட்டு என்பது மட்டும் நன்றாகப் புரியும்.

கல்யாணப் பெண் ஒருத்தி போனில் ஒரு படத்தைக் காட்டி "இந்த மாதிரி வேணும்" என்றாளாம். மாசி படத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "சரி, போய் அந்தத் தலையைக் கூட்டிட்டு வா" என்றார். ஒரு பேங்க் ஆபீசரின் மனைவி "கொஞ்சம் சீக்கிரம்" என்று சொன்னதற்கு, முக்கால்வாசி போட்ட கொண்டையை அவிழ்த்துக் கையில் சீப்பைக் கொடுத்து அனுப்பினார்.

எல்லாவற்றையும்விடப் பெரிது ஆட்டோ பரீட்சை. கொண்டை முடிந்ததும் அந்தப் பெண்ணை ஆட்டோவில் ஏற்றி, குழி அதிகமாக உள்ள ரோடாகப் பார்த்து ஒரு சுற்று அனுப்புவார். திரும்பி வரும்போது ஒரு முடி விலகியிருந்தாலும் முழுசாக அவிழ்த்து மறுபடி போடுவார். ஸ்டாண்டில் இருந்த ஆட்டோக்காரர்கள் இதற்கென்றே மோசமான வண்டியாகப் பார்த்து ஒன்றை வைத்திருந்தார்கள். ஒரு முகூர்த்தமே இதனால் தவறிப்போனது என்று சொல்வார்கள். ஆனால் அந்தப் பெண்ணின் கொண்டையை மூன்று நாள் கழித்தும் யாராலும் அவிழ்க்க முடியவில்லையாம்.

இவரிடம் எனக்கு என்ன வேலை என்றால், என் மகள் ஜெனி.

ஜெனி அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. ஜனவரியில் பள்ளிக்கூடத்தில் ஃபேர்வெல் டான்ஸ் என்றார்கள். எங்கள் காலத்தில் ஃபேர்வெல் என்றால் ஒரு லட்டு, ஒரு கை மிக்சர், ஒரு குரூப் போட்டோ. இங்கே நீளக் கவுன், கோட்டு சூட்டு, டான்ஸ். கேட்டதும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஆனால் ஜெனி "நான் போகல" என்று சொன்னாள் பாருங்கள், அந்த நிமிஷம் முடிவு செய்தேன். என் மகள் அந்த டான்ஸுக்குப் போயே ஆக வேண்டும்.

காரணம் இருக்கிறது. மழைக்காலத்தில் அவளுக்கு டெங்கு வந்தது. உயிர் பிழைத்ததே பெரிது. இரண்டு மாதம் கழித்து முடி கொட்ட ஆரம்பித்தது. தலையணையில், குளியலறையில், சோற்றில். காது மேலே ஓர் இடத்தில் தலையே தெரிந்தது. என் மனைவி ஸ்டெல்லா நியூ டவுனில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். "வளந்துரும்டி" என்று தினமும் சொல்வாள். பதினேழு வயதில் "வளர்ந்துவிடும்" என்பதெல்லாம் ஒரு பதிலா? ஜெனி, வங்காளிகள் குளிருக்குப் போடுகிற குரங்குத் தொப்பியைக் குளிர் வருவதற்கு முன்னாலேயே மாட்டிக்கொண்டாள். வகுப்பிலும் அதுதான், கோயிலிலும் அதுதான். போட்டோவுக்கு நிற்பதை விட்டாள். சிரிப்பதையும் விட்டாள்.

ஸ்டெல்லாதான் ஆஸ்பத்திரியில் விசாரித்து ஒரு நம்பர் வாங்கி வந்தாள். "நீங்களே பேசுங்க. ஆனா கத்தாதீங்க. அந்தம்மா பேரே கோபா மாசியாம். ரொம்பக் கோபக்காரி போலருக்கு."

துறைமுகத்தில் நின்றுகொண்டே போன் செய்தேன். பக்கத்தில் கிரேன். மகள், டான்ஸ், சனிக்கிழமை என்று எனக்குத் தெரிந்த ஹிந்தியில் சொன்னேன். அந்தப் பக்கம் ஊசி கடித்த குரல் கேட்டது.

"கோபா நா கோலா?"

கோபமா, கோலாவா? எனக்கு ஒரே ஆச்சரியம். கோபக்காரிக்கு நம் கோபம்கூடத் தெரிந்திருக்கிறதே! குடிக்க என்ன வேண்டும் என்றும் மரியாதையாகக் கேட்கிறாரே! ஸ்டெல்லா சொன்னது நினைவுக்கு வந்தது. முடிந்த அளவு தேனாகப் பேசினேன்.

"கோபா நெஹி ஜி! பில்குல் நெஹி! கோலாவும் நெஹி. சாய் போதும்."

அந்தப் பக்கம் குரல் ஏறியது. "கோபா நெஹி?"

"கபீ நெஹி!" என்றேன். எப்போதும் கிடையாது. என் வாழ்க்கையில் நான் சொன்ன மிகப் பெரிய பொய் அது.

டக்கென்று வைத்துவிட்டார். அடுத்த நிமிஷம் அவரே கூப்பிட்டு, கிரேன் சத்தத்தையும் மீறி ஏதோ கத்திவிட்டு மறுபடி வைத்தார். சரி, வரச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை ஸ்டெல்லாவுக்கு லீவு கிடைக்கவில்லை. நானே ஜெனியைக் கவுன் போட வைத்து, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். வாசலிலேயே மாசி கதவை அடைத்துக்கொண்டு நின்றார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும், ஒல்லி, என் தோள் உயரம்கூட இல்லை. என் குரலைக் கேட்டதும் கண் சிவந்தது. என் முகத்தைப் பார்த்ததும் தமிழுக்கு மாறினார். ஸ்டூடியோவுக்கு வந்த மதராஸ் மேக்கப்காரர்களிடம் பாதித் தமிழ் கற்றிருந்தார். திட்டுகிற பாதி.

"தடிமாடு! கொண்டை வேணாம், விரிச்சும் வேணாம், டீ வேணும்னு சொன்னது நீதானா? டீக்கு என்கிட்ட எதுக்கு வர்றே?"

"யாரு வேணாம்னது? எனக்குக் கோபம் கிடையாதுன்னுதான சொன்னேன்!" என்று நான் கத்தினேன்.

"இப்ப மட்டும் என்ன பண்றே?" என்று அவர் கத்தினார்.

பின்னால் ஏதோ சத்தம். திரும்பிப் பார்த்தால் ஜெனி குரங்குத் தொப்பியோடு சுவரில் சாய்ந்து நிற்கிறாள், தோள் குலுங்குகிறது. அழுகிறாள் என்று நினைத்து பயந்துவிட்டேன். சிரிக்கிறாள்!

"யப்பா... கோபான்னா பெங்காலியில கொண்டைப்பா. கோலான்னா விரிச்சு விடுறது. கொண்டையா, விரிச்சு விடவான்னு மாசி கேட்டிருக்காங்க. நீங்க..." அதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை. மூன்று மாதச் சிரிப்பையும் சேர்த்துச் சிரித்தாள்.

மாசி சிரிக்கவில்லை. ஆனால் கதவிலிருந்து விலகினார். "பொண்ணு உள்ள வா. தடிமாடு, வாயை மூடிட்டு அந்த முக்காலியில உக்காரு."

உட்கார்ந்தேன்.

"தொப்பி எடு" என்றார் மாசி. ஜெனியின் சிரிப்பு நின்றது. என்னைப் பார்த்தாள். பிறகு எடுத்தாள்.

மாசி வாயிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கிண்ணத்தில் போட்டார். காது மேலே வெறும் தலையாக இருந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். "காய்ச்சலா?"

"டெங்கு மாசி."

மாசி ஒரு டிரங்குப் பெட்டியைத் திறந்தார். உள்ளே ராணிகளின் டோப்பாக்கள், சவுரிகள், ஆயத்தக் கொண்டைகள். ஜெனி தலையை ஆட்டினாள். "பொய் முடி வேண்டாம் மாசி. 'எப்படிடி திடீர்னு வளந்துச்சு'ன்னு கேப்பாங்க. போற கடைசி நாள் பொய் சொல்லிட்டு வரணுமா? அதுக்கு நான் போகாமலே இருந்துக்கிறேன்."

நான் முக்காலியில் இருந்து எழுந்தேன். மாசி பார்த்த பார்வையில் உட்கார்ந்தேன்.

"பொய் வேணாம். சரி. உன் நிஜ முடி எங்கே?"

"விழுந்துட்டு மாசி."

"விழுந்தது எங்கேன்னுதான் கேக்கறேன். தெருவுல முடி வாங்க வர்றவன்கிட்ட கொடுத்துட்டியா? முட்டாள்! விழுந்தாலும் உன்னோடதுதானே!"

எனக்குக் காது சூடாகிவிட்டது. "எங்கிட்ட இருக்கு" என்றேன்.

வேறு என்ன செய்வது? காலையில் அவள் எழுந்து போனதும் தலையணையைப் பார்ப்பேன். அதைப் பொறுக்கிக் குப்பையில் போட என் கை போகவில்லை. ஒரு பாலித்தீன் கவரில் போட்டு பீரோவில் என் சட்டைகளுக்கு அடியில் வைத்துவிடுவேன். தினமும். ஸ்டெல்லாவுக்குக்கூடத் தெரியாது. தெரிந்தால் என்னைக் கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்பியிருப்பாள்.

ஆட்டோ பிடித்து வீட்டுக்கு ஓடிப்போய் எடுத்து வந்தேன். ஜெனி அந்தக் கவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "இத எதுக்குப்பா வச்சிருக்கீங்க?"

"வச்சிருந்தேன், அவ்வளவுதான். சும்மா கேள்வி கேக்காத" என்று கத்தினேன். வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே கத்திவிட்டேன்.

மாசி கவரைப் பிடுங்கினார். ஷாம்பு போட்டு அலசி, உலர்த்தி, சிக்கெடுத்து, பஞ்சு மாதிரி பிரித்து உருட்டி, ஒரு மெல்லிய வலைக்குள் அடைத்தார். கோழிமுட்டை அளவுக்கு ஓர் உருண்டை. அதைக் கழுத்துக்கு மேலே வைத்து, தலையில் மிச்சமிருந்த முடியை அதன் மேல் ஒவ்வொரு இழையாக இழுத்துச் சுற்றினார். காது மேலே இருந்த இடத்தை ஓர் அலை மாதிரி வந்து மூடியது ஒரு கற்றை. இரண்டு மணி நேரம். ஒரு திட்டு இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

கடைசி ஊசியைக் குத்திவிட்டு என் பக்கம் திரும்பினார். "எழுந்திரு. ஆடு."

"யாரு, நானா?"

"டான்ஸுக்குப் போற கொண்டைக்கு ஆட்டோ பரீட்சை எப்படிப் போதும்? ஆடித்தான் பாக்கணும். எனக்கு முட்டிவலி. நீ ஆடு."

"எனக்கு ஆடத் தெரியாதுங்க."

"கத்த மட்டும் தெரியுமா?"

அறையில் இடமில்லை என்று சந்துக்கே கூட்டி வந்தார். பவுடர் டப்பாவில் தாளம் போட்டார். நான் என் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, கன்டெய்னரை இடம் மாற்றுகிற மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்ந்தேன். ஆட்டோக்காரர்கள் வண்டியை நிறுத்திவிட்டு வந்து நின்றார்கள். "சுத்து!" என்றார் மாசி. சுற்றினேன். "குதி!" என்றார். குதித்தேன். "எப்பா, என் காலு!" என்றாள் ஜெனி. ஒரு முடி அசையவில்லை. மாசி "இன்னொரு தடவை" என்றார். அப்புறமும் இன்னொரு தடவை. மூன்றாவது தடவை கொண்டைக்காக இல்லை என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம் உண்டு.

பிறகுதான் கண்ணாடியைத் திருப்பினார். ஜெனி ரொம்ப நேரம் பார்த்தாள். கையைப் பின்னால் கொண்டுபோய் மெதுவாகத் தொட்டாள். "எல்லாம் என்னோடதுதானே மாசி?"

"உன்னோடதுதான். ஊருக்குப் போயிட்டுத் திரும்பி வந்திருக்கு."

நாலு மணிக்கு டான்ஸ். ஆட்டோவில் மாசியும் ஏறிக்கொண்டார். காற்றுப் படாமல் வழியெல்லாம் கொண்டையைச் சுற்றி ஒரு துண்டைப் பிடித்துக்கொண்டே வந்தார். பள்ளிக்கூட வாசலில் இறங்கினால், உள்ளே போகிற பெண்கள் எல்லாருக்கும் முடி பளபளவென்று இடுப்புவரை. ஜெனி நின்றுவிட்டாள்.

"யப்பா. வீட்டுக்குப் போயிருவோம்."

கப்பலையே கத்தி நிறுத்துகிற நான் மாசியைப் பார்த்தேன். மாசிதான் பேசினார். ரொம்ப அமைதியாகப் பேசினார்.

"வீட்டுக்கா? சரி. அப்ப கொண்டை எதுக்கு? இங்கேயே அவுத்துடறேன்."

கையை நீட்டி ஓர் ஊசியைப் பிடித்தார்.

"ஐயோ மாசி! வேணாம்!"

ஜெனி இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு, கவுன் தடுக்கத் தடுக்க, பள்ளிக்கூட வாசலுக்குள் ஓடியே போய்விட்டாள். உள்ளே நாலைந்து பெண்கள் "ஜெனி!" என்று கத்தினார்கள். யாரோ ஒருத்தி போனை உயர்த்திப் பிடித்தாள். ஜெனி கையைத் தலையிலிருந்து எடுத்துவிட்டு, போட்டோவுக்கு நின்றாள்.

"நிஜமாவே அவுத்திருப்பீங்களா?" என்று கேட்டேன்.

"போடா பைத்தியம். அதை அவுக்க எனக்கே ஒரு மணி நேரம் ஆகும்."

வீட்டுக்குக் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். கேட்கவில்லை. ஒருவேளை தளர்ந்துவிட்டால் பெண் யாரிடம் போவாள் என்று சொல்லி, வாயில் ஊசிகளைக் கடித்துக்கொண்டு, டான்ஸ் முடிகிறவரை எதிர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நடுவில் நான் டீயைச் சத்தம் போட்டு உறிஞ்சினேன் என்று திட்டினார். காலை நீட்டி உட்கார்ந்தேன் என்று திட்டினார். நான் ஒரு தடவைகூடப் பதில் பேசவில்லை.

எனக்குக் கூடப் பிறந்த அக்கா கிடையாது. அன்றைக்கு அந்த பெஞ்சில் அந்தக் குறை எனக்குத் தெரியவே இல்லை.