துண்டுக்கடியில் நடந்த மாம்பழப் போர்

வாழ்க ராமப்பன்! ஓசூர்ச் சந்தையின் ஒப்பிலாத் தரகன், முப்பது வைகாசியாய் முறிந்த பேரம் ஒன்றும் கண்டறியாதவன், பொடிமணம் கமழும் முண்டாசோன், தோளில் கிடந்த பழுப்புத் துண்டையே கேடயமும் கொடியுமாய்க் கொண்ட சமாதானச் சிங்கம்! முதலில் அவனைக் கும்பிட்டுக்கொள்ளுங்கள், கண்ணுகளா. கதை எங்கும் ஓடிவிடாது.

நமக்கும் மைசூர்ச் சீமைக்கும் நடுவே எல்லைக்கல் நிற்கிறதல்லவா, அதற்கு இப்புறம் நூறு மாம்பழம் விற்றால் கொசுறு நான்கு, அப்புறத்திலோ ஆறு. இந்த இரண்டு பழ வேற்றுமைக்காக, வெயில் வாளுருவி நின்ற ஒரு முற்பகலில், கிருஷ்ணகிரித் தோப்புக் குத்தகைக்காரன் சென்னகிருஷ்ணனும் அத்திப்பள்ளி வியாபாரி கங்கப்பனும், மதங்கொண்ட இரு களிறுகள் ஒரே துறையில் நீருண்ண வந்தாற்போல் மோதி நின்றனர். இடையே வைக்கோற் பஞ்சணையில், இன்னும் இரண்டு நாழிகை காய்ந்தால் கூழாகிவிடும் கோலத்தில், பொன்மேனி வியர்த்துக் கிடந்தன முந்நூறு செந்தூரப் பழங்கள். கூழானால் ஒருவனுக்குத் தோப்பு உழைப்பு வீண், மற்றவனுக்கு வெறும் வண்டி. ராமப்பனுக்கோ முப்பதாண்டுப் பெயரே பாழ்.

"ஆறு! ஒண்ணு குறைஞ்சாலும் வண்டியைத் திருப்பிடுவேன்!" என்று முழங்கினான் கங்கப்பன்.

"திருப்பிக்கோ! நாலுக்கு மேல காம்பு கூடக் கிடையாது. இனி இந்தாளு மூஞ்சியைப் பார்த்தா என் பேரை மாத்திக் கூப்பிடு, ராமப்பண்ணா!" என்று இடித்தான் சென்னகிருஷ்ணன்.

அப்போதன்றோ எழுந்தான் எம்மான்! துண்டை உதறினான்; புழுதி எழுந்து பரிதியை மறைத்தது. கையைத் துண்டுக்குள் மறைத்து விரல் பிடித்துப் பேசுவதே சந்தை வழக்கம். துண்டு விலகும் வேளையில் பிடியில் எத்தனை விரலோ அத்தனையே தீர்ப்பு. அந்த ஒரே துண்டின் கீழே வலக்கையைக் கங்கப்பனுக்கும் இடக்கையைச் சென்னகிருஷ்ணனுக்கும் ஈந்தான். ஒருவன் கிழக்கே பார்த்து ஆறு என்று அழுத்த, ஒருவன் மேற்கே பார்த்து நான்கு என்று நெரிக்க, கரும்பாலையில் அகப்பட்ட கரும்பாய் நைந்தன அவன் திருவிரல்கள். பொறுத்தான், பொறுத்தான், பின் பாம்பு சட்டையுரிப்பதுபோல் இரு கைகளையும் மெல்ல உருவிக்கொண்டு, நாலடி தள்ளிப்போய்ப் பொடி போட்டான்.

துண்டுக்கடியில் எஞ்சியவை பகைவர் இருவரின் கைகளே! அறியார், அந்தோ, அறியார்! தரகன் கையென்றெண்ணி ஒருவர் கையை ஒருவர் பற்றி, முறுக்கி, மலையோடு மலை பொருதாற்போல் மல்லாடினர்.

"யண்ணா, ஏன்ணா என் கையை இப்படிப் பிழியறே?" என்று அலறினான் சென்னகிருஷ்ணன்.

"நான் எங்கடா பிழிஞ்சேன்? இங்க பொடியில்ல போட்டுக்கிட்டு இருக்கேன்!"

சந்தையே குலுங்கிச் சிரித்தது. ஒரே தாவில் வந்து துண்டை உருவினான் ராமப்பன். ஐவிரலோடு ஐவிரல் பின்னிக் கிடந்தன. "கேளீர், சந்தையீர்! நூற்றுக்கு ஐந்து! அவரவர் கையே சாட்சி!" என்று எண்டிசையும் அதிர அறைந்தான்.

கங்கப்பன் விரலை ஊதிக்கொண்டே, "உன் கை என்னப்பா, இரும்பா? சரி, அஞ்சுக்கே ஏத்து" என்றான். சென்னகிருஷ்ணனும் சிரித்துவிட்டான். இவ்வாறு, ஒரு துளி உதிரமும் சிந்தாமல், எல்லைக்கல்லின் இருபுறத்தையும் ஒரு துண்டால் இணைத்து, வாகை சூடினான் ராமப்பன்.

வண்டியில் ஏற்றும்போது எண்ணிப் பார்த்தார்கள். முந்நூற்றுக்குக் கொசுறு பதினைந்து; வேடிக்கை பார்த்தவர்கள் தின்றிருந்ததோ பதினேழு.