மறுவீட்டில் அணைந்த கம்ப்யூட்டர்

மறுவீட்டுக்குப் போகிற மாப்பிள்ளை, மாமனார் வீட்டில் சாப்பாட்டுத் தட்டைத் தவிர எதையும் தொடக்கூடாது. தொட்டால் யாரும் தடுக்க மாட்டார்கள். ஆபத்தே அதுதான்.

நான் ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மண்டி ஒன்றில் பில் போடுகிறவன். பெண் பார்க்கப் போனபோது என் சித்தப்பா அதை, "பையன் கம்ப்யூட்டர்ல இருக்கானுங்க" என்று சொல்லிவைத்தார். நானும் திருத்தவில்லை. (அந்தக் கம்ப்யூட்டரில் எனக்குத் தெரிந்தது, பில் வரவில்லையென்றால் அதன் தலையில் தட்டுவது.)

திண்டுக்கல்லில் மறுவீட்டு விருந்து முடிந்த மறுநாள், என் மனைவி கவிதாவின் தங்கை புனிதாவுக்கு ஒரு கம்பெனி வேலைக்கு ஆன்லைன் தேர்வு. ரொம்ப நாள் அலைந்து கிடைத்த வாய்ப்பு. செல்போனில் எழுத முடியாது. கேமரா முன்னால் தனியாக உட்கார வேண்டும், பாதியில் அணைந்தால் அத்தோடு கதை முடிந்தது. பதினோரு மணிக்குத் தேர்வு. காலையில் கம்ப்யூட்டரைப் போட்டுப் பார்த்தாள். அது அடுப்படிக்குப் போகிற நடையில், பிரிட்ஜை ஒட்டி ஒரு ஸ்டூலில் இருந்தது. கால் மணி நேரம் ஓடிப் பொசுக்கென்று அணைந்தது. மறுபடி போட்டாள். இந்த முறை அவ்வளவு நேரம்கூடத் தாங்கவில்லை.

"பயங்கரமா சூடாகுதுப்பா" என்றாள்.

மாமனார் மெதுவாக என் பக்கம் திரும்பினார். "அதான் மாப்ள இருக்காருல்ல."

நான் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு குத்தவைத்து, பெட்டியின் மேல் கை வைத்தேன். இட்லிச் சட்டி மாதிரி கொதித்தது. "வைரஸ்ங்க" என்றேன். (காய்ச்சல் வந்தால் உடம்பு சுடுகிறதே, அந்த அளவில்தான் என் விஞ்ஞானம்.) எல்லோரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள். புனிதா வைரஸ் தேடினாள். தேடி முடிப்பதற்குள் அணைந்துவிட்டது.

அடுத்து, வோல்டேஜ் பிரச்சினை என்றேன். மாமனார் டிவி, மோட்டார், மின்விசிறி எல்லாவற்றையும் நிறுத்தினார். பிரிட்ஜை மட்டும் விட்டுவிட்டார், எனக்காக வாங்கிய கறி அதில் இருந்தது. வீடே வியர்த்து வழிந்தது. கம்ப்யூட்டர் மறுபடி அணைந்தது.

அப்புறம் தூசி என்றேன். மூடியைக் கழற்றி வாயால் ஊதினேன். உள்ளே இருந்த கொஞ்சநஞ்சத் தூசியும் என் முகத்துக்கு வந்தது. மாமியார் துண்டு கொண்டுவந்து நீட்டினார். கடைசியாக டேபிள் ஃபேனை வரவழைத்து, பிரிட்ஜுக்குப் பின்னால் வைத்து, பெட்டியைப் பார்த்து வேகமாகச் சுழலவிட்டேன். இப்போது இன்னும் சீக்கிரம் அணைந்தது. ஃபேன் பத்தவில்லை என்று தீர்ப்புச் சொன்னேன். மாமனார் பெரிய ஃபேன் இரவல் கேட்கச் செருப்பை மாட்டினார்.

மணி பத்தரை. புனிதா அழ ஆரம்பித்தாள். அப்போதுதான், முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன். இதற்கு முன்னால் எப்போதாவது இப்படி அணைந்திருக்கிறதா?

மாமியார் மோட்டுவளையைப் பார்த்தார். புனிதாதான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்: "இது எப்பவும் ரூம்லதான் மச்சான் இருக்கும். நீங்க வாரீங்கன்னு இங்க தூக்கி வச்சாங்க. பிரிட்ஜ் விடுற சூடு பூராம் இதுலதான் அடிக்குது. நீங்க ஃபேன் வேற வச்சு அதை உள்ள தள்ளுறீங்க."

"ஏய், சும்மா இரு" என்றார் மாமியார்.

ஏன் யாரும் சொல்லவில்லை என்று மாமனாரைக் கேட்டேன். அவர் செருப்பைக் கழற்றியபடி, "வந்த மாப்ளைய எப்படி ரூம விட்டு எந்திரிங்கன்னு சொல்றது?" என்றார்.

கதவு சாத்துகிற ரூம் அந்த வீட்டில் அது ஒன்றுதான். பெட்டியைச் செத்த நேரம் ஆறவிட்டு உள்ளே கொண்டுபோனோம். புனிதா கதவைச் சாத்துமுன், என் குரல் உள்ளே கேட்கும், கொஞ்சம் வெளியே இருந்தால் நல்லது என்று தயங்கித் தயங்கிக் கேட்டுக்கொண்டாள். (மண்டிக் குரல். ஏலம் விடுகிறவர்களோடு பேசிப் பேசி அப்படி ஆகிவிட்டது.) சட்டை ரூமுக்குள் மாட்டிக்கொண்டது. லுங்கியும் பனியனுமாக வாசல்படியில் உட்கார்ந்தேன். போகிறவர்கள் வருகிறவர்களெல்லாம் என்ன மாப்ள என்று விசாரித்தார்கள். உள்ளே பரீட்சை நடக்கிறது என்றேன். ஒருவர் முகத்திலும் நம்பிக்கை தெரியவில்லை. எதிர்வீட்டு அம்மா கேட்காமலே மோர் கொடுத்துவிட்டுப் போனார்.

மத்தியானத்துக்குள் எங்கள் ஊர் பாலசமுத்திரத்திலிருந்து என் அம்மா போனில் வந்துவிட்டாள். "ஏஞ்சாமி, அதுக்குள்ளயே வெளிய தள்ளிட்டாங்களாமா?"

இரண்டு மணி நேரம் கம்ப்யூட்டர் ஒரு முனகல்கூட இல்லாமல் ஓடியது. புனிதாவுக்கு வேலை கிடைத்தது. அந்தச் செய்தி வந்த அன்று எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது, சந்தோஷத்தில்தான்.

ஆனால் மாமனார் வீட்டார் அன்றைக்குக் கற்றுக்கொண்ட பாடம் பிரிட்ஜைப் பற்றியதல்ல. மிக்சி நின்றாலும், டிவி மக்கர் பண்ணினாலும், மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் யாராவது ஒருவர், "மாப்ளைய செத்த வெளிய போகச் சொல்லுங்க" என்கிறார். நானும் எழுந்து போகிறேன். போன மாதம் கரண்ட் போனதற்கும் என்னைத்தான் அனுப்பினார்கள். சிரித்துக்கொண்டேதான் போனேன். ஆனால் என் கால் வாசலைத் தாண்டியதும் கரண்ட் வந்துவிட்டது.