முப்பத்துமூன்றில் பாடிய எருமை

எல்லாரையும் போல எனக்கும் காது இரண்டுதான். ஆனால் அவை கேட்காததையெல்லாம் கேட்டதாக வாய் சொல்லிவிடும், அதுதான் தொல்லை.

பத்தாவதில் கோட்டை விட்டுப் புனேயில் அக்கா வீட்டோடு கிடந்தேன். ஊரே சிடிக்கு மாறியிருந்தது. மாமாவுக்கு (அக்கா வீட்டுக்காரர், பாணேரில் கம்ப்யூட்டர் வேலை) மட்டும் இசைத்தட்டுப் பைத்தியம். அவருடைய சிநேகிதர் தேஷ்பாண்டே காகா (மராத்தியில் சித்தப்பா) கேம்ப் பகுதியில் இசைத்தட்டுக் கடை திறக்கவிருந்தார். நல்ல காது உள்ள ஆள் வேண்டுமாம். மாமா என்னைக் கை காட்ட, என் காதைச் சோதிக்க காகா வீட்டுக்கே வந்துவிட்டார். வாழ்க்கையில் முதல் வேலை!

மாமா வெளிநாட்டிலிருந்து வரவழைத்த புதுத் தட்டு. தோசைக்கல் அகலம், தோசைக்கல் கனம். ஊசியை நான்தான் வைத்தேன். சின்னத் தட்டுக்கு வேகம் நிமிஷத்துக்கு நாற்பத்தைந்து சுற்று, பெரிய தட்டுக்கு முப்பத்துமூன்று. எனக்கா தெரியாது?

கீறல் சத்தம் இல்லை, கரகரப்பு இல்லை. அந்த நிசப்தத்திலிருந்து ஒரு குரல் கிளம்பியது பாருங்கள்! கிணற்றுக்குள் எருமை.

"ஆழத்தக் கேட்டீங்களா காகா? பழைய தட்டுல இந்த அடித்தொண்டை வராதுங்க!"

"என்னா பேஸுடா!" என்று மாமா கண்ணை மூடினார்.

காகாவின் மீசை துடித்தது. பரவசம் என்று நினைத்து இன்னும் அவிழ்த்துவிட்டேன். "டிரம்ஸ்காரர் யோசிச்சு யோசிச்சு அடிக்கிறார் பாருங்க. அனுபவம்!"

டீயோடு வந்த அக்கா நின்றாள். "ஏன்டா, அட்டைல பொம்பள படம் போட்டிருக்கு, ஆம்பள பாடறான்? அதும் மேலுக்கு முடியாதவனாட்டம் இழுக்கறான்?"

காகா சிரிப்பை அவிழ்த்துவிட்டார். தட்டின் நடுவிலிருந்த காகிதத்தில் விரல் வைத்தார்: 45.

"அரே பேட்டா," என்று இந்தியில் ஆரம்பித்தார். "இப்ப வர்ற சில உசத்தித் தட்டு பெருசா இருந்தாலும் வேகமாத்தான் சுத்தணும். சத்தம் சுத்தமா வரணும்னே அப்படி வெட்டறாங்க."

வேகத்தை மாற்றும் பொத்தானை அழுத்தினார். எருமை குயிலாகிவிட்டது! சோபாவில் எங்களுக்கு நடுவே ஒருத்தி உட்கார்ந்து பாடுவதுபோல, அவள் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. (வேலை போனது பாட்டு முடிந்த பிறகுதான் உறைத்தது.)

காகா அக்காவைப் பார்த்துக் கேட்டார்: "திங்கக்கிழமையே வர்றியாம்மா?"

இன்றும் கடையில் எந்தத் தட்டு தேறும் என்று சொல்வது அக்காதான். எனக்கும் அங்கே வேலை உண்டு, பெட்டி தூக்க. கொஞ்சம் அசந்து நின்றால் போதும், கல்லாவிலிருந்து அக்கா குரல் வரும்:

"காகா, நம்ம பையன் முப்பத்துமூணுல ஓடறான். அந்தப் பொத்தான அமுக்குங்க!"