தேத்தண்ணிக்கு ஆட்டிய தலை

பதுளை,
14.2.1979

கண்ணியத்திற்குரிய சம்பந்தி ஹாஷிம் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு நானும் என் மனைவி ஸித்தி ஸுபைதாவும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். தாங்களும், இப்போது தங்கள் வீட்டுப் பிள்ளையாகிவிட்ட என் மகள் பலீலாவும் சுகமாயிருக்கவும், வெலிமடையில் உருளைக்கிழங்கு விலை இறங்காதிருக்கவும் துஆச் செய்கிறேன்.

நேற்று முன்தினம் நிக்காஹ் சபையில், மகளை முழு மனதோடு கொடுக்கிறீர்களா என்று சபையை நடத்திய லெப்பை கேட்டபோது நான் இல்லையென்று தலையாட்டியதைத் தாங்கள் பார்த்தீர்கள். பிறகு என்னோடு அதிகம் பேசவுமில்லை. மாப்பிள்ளை புவாதிடம் எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்தத் தலையாட்டலுக்காக என் மகள் உங்கள் வீட்டில் ஒரு சொல் கேட்டுவிடக் கூடாதே என்றுதான் எழுதுகிறேன்.

சில வாரமாக எனக்கு வறட்டு இருமல். மகளைக் கொடுக்கிறேன் என்று என் வாயால் சொல்லும் வேளையில் இருமிவிடுவேனோ என்று ஒரு பயம், இருமல் மருந்தில் அபின் இருந்தால் சபையிலேயே தூங்கிவிடுவேனோ என்று இன்னொரு பயம். டாக்டர் நெஞ்சைச் சோதித்துவிட்டு, மஞ்சள் முத்துப் போன்ற குளிசைகளை ஒரு போத்தலில் தந்தார். “மாஸ்டர், இதுல அபின் இல்ல. அதுக்காக டொபி எண்டு நெனச்சிராதீங்க. முழுசா விழுங்கணும். கடிச்சாலும் சப்பினாலும் வாயும் தொண்டையும் மரத்துப்போகும். மரப்பு போற வரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணியும் குடிக்க வேணாம், பொரை ஏறி மூச்சு அடச்சிரும்” என்றார். அப்படியே விழுங்கி வந்தேன். அன்று மாப்பிள்ளை வீட்டார் வாசலுக்கு வரும்போது தொண்டை அரிக்க ஆரம்பித்தது. ஒரு குளிசையை வாயில் போட்டேன். தண்ணீருக்காக உள்ளே போனால் வரவேற்கத் தகப்பன் இல்லை என்பார்களே என்று அப்படியே நின்றுவிட்டேன். அது நாக்கில் உருண்டது. தொண்டைக்குரிய மருந்து தொண்டை அருகிலேயே கரைவதுதானே முறை என்று தோன்றியது. நான் முப்பது வருடம் சுகாதாரப் பாடம் படிப்பித்தவன்.

லெப்பை முன் உட்கார்ந்தபோது நாக்கு என்னுடையதாக இல்லை. “சொல்லுங்க மாஸ்டர், என் மகள் பலீலாவை...” என்றார். “எம்ம... ம்ம...” என்றேன். புதுச் சாரத்தில் எச்சில் விழுந்தது. என் மைத்துனர் றவூப் சும்மா இருப்பவரா? “மச்சானுக்குத் தொண்ட காஞ்சிட்டுது. ஒரு வாய் தேத்தண்ணி குடிங்க மச்சான்!” என்று கோப்பையை உதட்டில் வைத்து அழுத்தினார். குடித்தால் மூச்சடைத்து, கல்யாண வீடு மையித்து வீடாகும். வாயை இறுக்கிக்கொண்டு தலையை ஆட்டினேன். அதே நேரம் லெப்பை, “என்ன மாஸ்டர், முழு மனசோடதானே குடுக்கிறீங்க?” என்று கேட்டார். றவூப் கோப்பையை எடுக்கவில்லை, நானும் ஆட்டுவதை நிறுத்தவில்லை. லுஹர் தொழுதுவிட்டு வைத்துக்கொள்வோம் என்று லெப்பை சமாளித்தார். தொழுது முடித்துச் சற்று நேரத்தில் நாக்குத் திரும்பியது, சொல்ல வேண்டியதைத் தெளிவாகச் சொன்னேன். காரணத்தைச் சொல்ல மட்டும் வெட்கம் விடவில்லை.

புறப்படும்போது தாங்கள் இருமினீர்கள். என் பையிலிருந்த போத்தலைக் கண்டு, “இருமல் மருந்தா சம்பந்தி? எனக்கும் தாங்களேன்” என்றீர்கள். ஒரு முறை தலையாட்டிப் பட்டது போதாதா? கொடுத்துவிட்டேன். அதிலிருந்து எனக்கு நிம்மதியில்லை. எனக்குத் தந்த மருந்து உங்கள் இருமலுக்கு ஆகுமோ ஆகாதோ, அதை உங்கள் டாக்டரிடம் கேட்க வேண்டும். அதைவிட, உங்கள் பேத்தி ஸல்மா தவழ்ந்து திரிகிற வீடு. இந்த வயதில் நானே டொபி போல் சப்பினேன், குழந்தை சப்பாதா? சிறு பிள்ளைக்கு ஒன்று போனாலே உயிருக்கு ஆபத்தாம். தயவுசெய்து போத்தலை எட்டாத இடத்தில் பூட்டிவைத்து, கடிதம் கொண்டுவரும் ஆளிடமே கொடுத்தனுப்பவும். குழந்தை ஒன்றை வாயில் போட்டதாகச் சந்தேகம் வந்தாலும் இக்கடிதத்தைத் திருப்பிப் படித்துக்கொண்டிராமல் ஆஸ்பத்திரிக்கு ஓடவும்.

உங்கள் வீட்டில் பரக்கத் நிறையட்டும். என் பிழை பொறுக்கவும்.

தாழ்மையுள்ள,
தாஸிம்

பி.கு.: உறையில் இடும்போது, இதைக் கொண்டுபோக உங்கள் லொறி டிரைவர் சின்னராசா வந்தார். “என்னங்க மாஸ்டரய்யா, மொதலாளி கடைக்கு வர்றவங்ககிட்டயெல்லாம் ஒங்க பேச்சுத்தாங்க. மகளக் குடுக்க மனசு வராம, சபையிலயே வாயடச்சுத் தலய ஆட்டிட்டாரு பாரு, அந்த மனுசன் பொண்ணு நம்ம வீட்ல கண்ணு கலங்கலாமான்னு கேக்குறாரு. ஒங்க மகளுக்குத்தாங்க அங்க மொதத் தட்டு” என்றார். வேறு கடிதம் எழுத நேரமில்லை, அவர் லொறியில் ஏறி ஹோர்ன் அடிக்கிறார். ஆகவே சபையைப் பற்றி நான் மேலே எழுதிய எதையும் நம்ப வேண்டாம், பாசத்தால்தான் வாயடைத்தது. போத்தலைப் பற்றி எழுதியதை மட்டும் அப்படியே நம்பவும்.