தவிட்டு மூட்டைப் பட்டாளம்

"இந்தத் தடவ இருசப்பன ஒழிச்சிக் கட்டாம வுடமாட்டேன்!" என்று தெய்வசிகாமணி சபதம் எடுத்தபோது அவர் வாயில் பாதி இட்லி இருந்தது. ஆகவே அதை விழுங்கிவிட்டு இன்னொரு தடவை எடுக்க வேண்டியதாயிற்று.

கள்ளக்குறிச்சியில் சாமி சிலை செதுக்கத் தெருவுக்குத் தெரு ஆள் உண்டு. மரத்தில் பட்டாளத்து பொம்மை செதுக்க ரெண்டே பேர்தான். விரல் உயரச் சிப்பாய். தொப்பி, துப்பாக்கி, இடுப்புக் கத்தி, சட்டைப் பித்தான் எல்லாம் இருக்கும். முதல் ஆள் தெய்வசிகாமணி, செதுக்குவது அவர். வர்ணம் பூசிக் கண் திறப்பது அவர் பெண்டாட்டி தைலம்மாள்.

ரெண்டாவது ஆள் எதிர்த்தெரு இருசப்பன். தெய்வசிகாமணி குதிரை வீரன் செய்தால் அடுத்த வாரமே இருசப்பன் கொட்டகையில் குதிரை கனைக்கும். இவர் கொம்பு ஊதுகிறவனைச் செய்தால் அங்கேயும் கொம்பு முளைக்கும். இவர் தும்மினால் அவனுக்கு ஜலதோஷம் பிடிக்கும், அவ்வளவு அச்சு அசல்.

புதுச்சேரியிலிருந்து ஒரு முசியே, நம்மூர்ப் பேச்சில் ஐயா, வருவதாக இருந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் கண்ணாடி அலமாரி நிறைய பொம்மைச் சிப்பாய்கள். யார் பொம்மை அசலோ அவருக்கே ஒரு முழுப் பட்டாளத்துக்கும் ஆர்டர், ரெண்டு வருஷத்துக்கு அடுப்பு எரியும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். அதற்குள் இடஒதுக்கீடு கேட்டு மறியல் வந்தது. உளுந்தூர்பேட்டை ரோட்டில் மரங்கள் குறுக்கே கிடந்தன. பஸ் ஓடவில்லை, முசியேயும் வரவில்லை. ஊரே அரசியல் பேசிக்கொண்டிருந்தபோது தெய்வசிகாமணி சதி பண்ணிக்கொண்டிருந்தார்.

"இன்னாய்யா இது? கத்திய சோத்தாங்கை பக்கம் வெச்சிக்கீற? இவன் எப்பிடி உருவுவான்?" என்றாள் தைலம்மாள், புதுச் சிப்பாயைக் கையில் வாங்கியதுமே.

"அதான் பொறி! இத ஜன்னல்ல வெக்கறேன். அந்தத் திருட்டுப்பய பாத்து அப்பிடியே செய்வான். முசியே பட்டாளத்துல இருந்த ஆளு. பாத்தாருன்னா காறித் துப்புவாரு."

"ஒன்னுதும் அப்பிடித்தான கீது? ஒன்ன மட்டும் கொஞ்சுவாரா?"

"அதுல ஒரு சூட்சுமம் கீது. நீ வர்ணத்த பூசு."

சூட்சுமம் என்னவென்று சொல்லவில்லை. பெண்டாட்டிக்குத் தெரிந்தால் தெருவுக்கே தெரியும் என்பது அவர் கட்சி. தைலம்மாள் எருமையை ஓட்டிக்கொண்டு போகும் நேரமெல்லாம் அவர் ரகசியமாக இன்னொரு வரிசை செதுக்கினார். கத்தி சரியாக இடது இடுப்பில். கடைசி நாள் ஒரே மூச்சில் வர்ணமும் தானே பூசினார், கண்ணும் தானே திறந்தார். உளி பிடிக்கிற கைக்கு பிரஷ் ஒரு பெரிய விஷயமா? கடைசிச் சிப்பாய்க்கு மீசை போடும்போது கொலுசுச் சத்தம் கேட்டது. பட்டாளம் மொத்தத்தையும் அள்ளித் தவிட்டு மூட்டைக்குள் திணித்துவிட்டார். வீட்டிலேயே பத்திரமான இடம் அதுதான் என்று அவருக்கு நினைப்பு.

மறியல் முடிந்து பஸ் ஓடத் தொடங்கியதும் முசியே வந்து இறங்கினார். தெய்வசிகாமணி வீட்டுத் திண்ணையில் இருசப்பன்தான் முதலில் பேப்பர் பொட்டலத்தைப் பிரித்தான். சிப்பாய்கள் ஜம்மென்று நின்றார்கள். கத்தி இடது இடுப்பில்!

தெய்வசிகாமணியின் பொறியில் எலி விழவில்லை. ஆனாலும் வீரம் குறையவில்லை. "கொஞ்சம் இருங்க முசியே, அசல் எங்கிட்டதான் கீது" என்று உள்ளே ஓடி, மூட்டையைத் தூக்கி வந்து கவிழ்த்தார்.

காயாத பெயிண்டில் தவிடு அப்பிக்கொண்டு ஒவ்வொரு சிப்பாய்க்கும் தாடி. எல்லோருக்கும் மாறுகண். ஒருவன்கூட எதிரியைப் பார்க்கவில்லை. அவனவன் பக்கத்தில் நிற்கிறவனையே முறைத்தான்.

"இது எந்த நாட்டுப் பட்டாளம்பா?" என்றார் முசியே.

"உங்க பட்டாளந்தாங்க."

"ஐயய்யோ! இவன் சுட்டா பக்கத்துல நிக்கறவன்தான் சாவான்."

"இருசப்பன் என்னுத பாத்து காப்பி அடிச்சிட்டான் முசியே! ஜன்னல்ல பாருங்க!" என்று கத்தினார் தெய்வசிகாமணி.

முசியே கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஜன்னல் சிப்பாயையும் இருசப்பன் சிப்பாயையும் ஒன்றாகப் பிடித்துப் பார்த்தார். "செதுக்கின கை வேற. ஆனா ரெண்டு முகத்துக்கும் ஒரே பார்வை. கண்ணு தொறந்தது யாரு?"

இருசப்பன் தலையைச் சொறிந்தான். "தங்கச்சிதாங்க" என்று, மோர் கொண்டு வந்த தைலம்மாளைக் காட்டினான்.

"நீயா?" தெய்வசிகாமணி இருசப்பனைக் கைகாட்டினார். "அந்தத் துரோகிக்கா?"

"ஆமா. மாதிரி காட்டனதும் நான்தான். கத்திய மாத்தி வைங்கண்ணேன்னு சொன்னதும் நான்தான்."

"அப்ப தவிட்டு மூட்டை?"

"எருமைக்கு தெனம் தவிடு வெக்கறது யாரு? நீயா?"

"எதுக்குடி இப்பிடி பண்ண?"

"பின்ன இன்னா? அண்ணன் இந்தத் தொழிலுக்கு வராதப்ப ஒரு சிப்பாய்க்கு தொப்பி வெக்கவே ஒனக்கு ஒரு மாசம் ஆச்சி. மிச்ச நேரம்லாம் டீக்கடையில. பின்னாலயே ஒருத்தரு வராருன்னதும் பாரு, உளி எப்பிடி பறக்குது!"

முசியே மோரை ஒரே மூச்சில் குடித்தார். ஆர்டரைத் தைலம்மாளிடமே கொடுத்தார். "ரெண்டு பேரும் செதுக்கட்டும். கண்ணு மட்டும் நீதாம்மா."

மறுநாள் காலை தைலம்மாள் தங்கள் கொட்டகையில் எதிரெதிராக ரெண்டு பலகை போட்டாள். தெய்வசிகாமணி போர்வைக்குள் இருந்தபடியே அடுத்த சபதத்தை எடுத்தார். "அவன் எதிர்ல ஒக்காந்து நான் உளியத் தொடமாட்டேன். இது சத்தியம்!"

"தொடாத" என்றாள் தைலம்மாள், அடுப்பை ஊதிக்கொண்டே. "அண்ணன் கோழி கூவவே வந்து ரெண்டு தல முடிச்சிட்டாரு."

போர்வை விலகியது. "ரெண்டா?"

"மூணாவதுக்கு மீச செதுக்கிக்கினு கீறாரு."

தெய்வசிகாமணி பல்கூட விளக்கவில்லை. உளியைத் தேடி எடுத்துக்கொண்டு, வேட்டி நழுவக் கொட்டகைக்கு ஓடினார். பலகையில் உட்கார்ந்து மூச்சு வாங்க முதல் கட்டையைச் சீவி முடித்த பிறகுதான் நிமிர்ந்து எதிரே பார்த்தார்.

இருசப்பன் இன்னும் வரவே இல்லை.