டாக்டர் அன்செல்மின் கடைவாய்ப்பல்

தன் கடைவாய்ப்பல்லில் வலி இல்லை என்று டாக்டர் அன்செல்ம் கோராக் திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்கு முடிவு செய்தார்.

அந்த நேரத்தில் அவருடைய இடது கன்னம் வலது கன்னத்தைவிட ஒரு விரற்கடை முன்னால் வந்திருந்தது. ஆனால் அன்செல்ம் கண்ணாடியை நம்புகிற ஆள் இல்லை. அவர் மனப்பகுப்பாய்வு மருத்துவர். வெளியே தெரிவது பாதிப் பொய், உள்ளே புதைந்து கிடப்பதே மெய் என்பது அவர் தொழில். வியன்னாவில் அப்போது தெருவுக்கு ஒருவராவது சோபாவில் மல்லாந்து தன் குழந்தைப் பருவத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்; தலைமாட்டில் இன்னொருவர் சுருட்டுப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

பல் வலிக்கக் கூடாததற்கு வலுவான காரணம் இருந்தது. புதன்கிழமை மாலை மனப்பகுப்பாய்வு மருத்துவர் கழகத்தில் அவர் கட்டுரை படிக்க வேண்டும். படித்த பிறகு உறுப்பினர்கள் கேள்வி கேட்டுக் குதறுவார்கள். அதற்கும் தாக்குப்பிடித்தால் ஓட்டெடுத்து உறுப்பினராகச் சேர்த்துக்கொள்வார்கள். நாலு வருஷமாக இதற்காகக் காத்திருந்தார். கட்டுரையின் தலைப்பு: 'அச்சத்தை ஏமாற்ற மனம் செய்யும் தந்திரங்கள்.'

இருட்டுக்குப் பயந்தவர், குதிரைக்குப் பயந்தவர், மாமியாருக்குப் பயந்தவர் என்று எத்தனையோ பேரைத் தேற்றி அனுப்பியவர் அன்செல்ம். அவருக்கென்று இருந்தது ஒரே ஒரு பயம்தான். பல் டாக்டர்.

கட்டுரையைத் தட்டச்சு செய்தவள் மனைவி ஹெர்மினே. மூன்று முறை செய்தாள். முதல் தடவை எழுத்துப் பிழைகளைத் திருத்தினாள். இரண்டாம் தடவை வாக்கியங்களைத் திருத்தினாள். மூன்றாம் தடவை கருத்துகளையும் திருத்திவிட்டாள் என்பது அன்செல்முக்குத் தெரியாது. கட்டுரை அவளுக்கு மனப்பாடம்.

"ஏங்க, கன்னம் வீங்கியிருக்கு."

"வீங்கல."

"ரொட்டியைக் காபியில முக்கி ஒரு பக்கமாவே மெல்றீங்க."

"இன்னொரு பக்கத்துக்கு ஓய்வு குடுக்கறேன்."

"டாக்டர் வோண்ட்ராக் அடுத்த தெருவுலதான இருக்காரு? அஞ்சு நிமிஷம்."

அன்செல்ம் கோப்பையைக் கீழே வைத்தார். "இதோட நாலு தடவை அந்த ஆளைப் பத்திப் பேசிட்ட, ஹெர்மினே. ஒருத்தர் ஒரு விஷயத்தையே திரும்பத் திரும்பப் பேசினா என்ன அர்த்தம்? பல் டாக்டரைக் கண்டா உனக்குத்தான் பயம். அதை என் தலையில கட்டறே."

"பக்கம் ஆறு," என்றாள் ஹெர்மினே.

"என்னது?"

"ஒண்ணுமில்லீங்க. சாப்பிடுங்க."

ஆறாம் பக்கத்தில் என்ன இருந்ததென்றால், தன் பயத்தை அடுத்தவர்மேல் ஏற்றிவிட்டு நிம்மதியாக இருக்கும் மனிதரைப் பற்றி டாக்டர் கோராக் மிக அழகாக எழுதியிருந்தார்.

மதியம், வோண்ட்ராக்கின் கருவிகள் பழையவை, படித்தவன் யாரும் அங்கே போகமாட்டான் என்று இரண்டு காரணங்கள் சொன்னார். "பக்கம் ஒன்பது," என்றாள் ஹெர்மினே; பயத்துக்கு நியாயம் கற்பிப்பது அங்கே இருந்தது. சாயங்காலம், சூடாக இருக்கிறதென்று சூப்பைத் திட்டினார், அடுப்பைத் திட்டினார், கரி விற்பவனின் பரம்பரையையே திட்டினார். "பக்கம் பதினொண்ணு," என்றாள்; கோபத்தை வேறெதன்மேலோ இறக்குவது. இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவர் தயங்கித் தயங்கி, பாலில் வேகவைத்த ரவை கிடைக்குமா, மேலே கொஞ்சம் சர்க்கரை தூவி, என்று கேட்டார்.

ஹெர்மினே கரண்டியோடு அப்படியே நின்றாள். மனிதக் குழந்தைக்கு உலகம் முதலில் வாய் வழியாகத்தான் அறிமுகமாகிறது. பெரியவனான பிறகும் நெருக்கடி வந்தால் மனம் அந்தப் பருவத்துக்கே ஓடி ஒளிகிறது. அது பக்கம் பதினாலு. சிரிப்பை அடக்கிக்கொண்டு ரவையைக் கிண்டினாள்.

நோயாளிகளுக்கு மட்டும் எதுவும் தெரியவில்லை. தலைமாட்டில் உட்கார்ந்திருப்பவர் 'ம்' என்பதற்கு மேல் பேச வேண்டியதில்லையே. செவ்வாய்க்கிழமை காலை வலி உச்சிக்கு ஏறி அவர் "ம்ம்ம்ம்" என்று நீட்டியபோது, சோபாவில் கிடந்த வங்கி அதிகாரி, "ஆமா டாக்டர், எல்லாத்துக்கும் எங்கப்பாதான் காரணம்!" என்று விம்மி அழுதேவிட்டார்.

அதன் பிறகு அன்செல்ம் கட்டுரையை உரக்கப் படித்துப் பார்த்தார். 'அச்சம்' என்ற முதல் சொல்லே 'அஷ்ஷம்' என்று வந்தது. இரண்டாம் பக்கத்தில் கண்ணீர் வந்தது. கதவுக்கு வெளியே நின்று கேட்ட ஹெர்மினேவுக்குச் சிரிப்பு போய்விட்டது. அது நல்ல கட்டுரை. இந்த மனுஷன் நாலு வருஷம் விளக்கெரித்து எழுதியது. ஒரு பல்லுக்குப் பயந்து அதைப் பாழாக்கிக்கொள்ளப் போகிறாரே என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. அவர்மேல் இருந்த பிரியத்தால்தான் அவ்வளவு ஆத்திரம்.

கூடையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனாள். ஒரு மணி நேரம் கழித்து முட்டைக்கோஸோடும் ஒரு செய்தியோடும் திரும்பினாள்.

"வோண்ட்ராக்கைப் பார்த்தேங்க. பாவம், ஆளே பாதியாயிட்டாரு."

"ஏன்?"

"தினம் ஒரே கனவாம். பிடுங்கற பல்லெல்லாம் அவர் கையிலயே திரும்ப முளைக்குதாம். உங்ககிட்ட வரணும்னு ஆசை. ஆனா யாராவது பார்த்துட்டா தொழில் போயிடும்னு பயப்படறாரு. நாளைக்குக் காலையில கதவைச் சாத்திட்டு அவர் அறையிலயே ஒரு தடவை பார்க்க முடியுமான்னு கேட்டாரு. உங்களுக்கு நேரமில்லைன்னு சொல்லிட்டேன்."

"ஏன் அப்படிச் சொன்னே?" அன்செல்ம் எழுந்தே நின்றுவிட்டார். பல் வலிக்காரர்களின் கனவைப் பற்றி வியன்னாவில் எல்லோரும் எழுதியாயிற்று. பல் பிடுங்குகிறவரின் கனவு இதுவரை யாருக்கும் சிக்கியதில்லை. அதுவும் கட்டுரை படிக்கிற நாளில்!

"பல் டாக்டர் வீடாச்சேங்க..."

"நான் டாக்டராப் போறேன். நோயாளி அவரு," என்றார் அன்செல்ம் கம்பீரமாக.

வோண்ட்ராக்குக்குக் கதவளவு உடம்பு, கைப்பிடியளவு மீசை. புதன்கிழமை காலை, ஹெர்மினே சொல்லிக்கொடுத்தபடியே பெருமூச்சு விட்டு வரவேற்றார்.

"எங்க படுக்கணும் டாக்டர்?"

அறையில் இருந்தது நோயாளிகளைச் சாய்த்துப் பல் பார்க்கும் ஒரே நாற்காலிதான். வோண்ட்ராக் அதன் விளிம்பில் தொற்றிக்கொண்டு, முழங்காலில் கைவைத்து விறைப்பாக உட்கார்ந்தார்.

"அப்படி இல்லீங்க. உடம்பைத் தளர்த்திச் சாயணும்."

வோண்ட்ராக் சாய்ந்தார். வழுக்கித் தரைக்கு வந்தார். எழுந்து மறுபடி ஏறித் தலையைக் கால் பக்கம் வைத்தார்.

"எனக்கு வரல டாக்டர். முப்பது வருஷமா நின்னே பழகிட்டேன். நீங்க ஒரு தடவை படுத்துக் காட்டினா..."

கற்றுக்கொடுப்பதில் அன்செல்முக்கு ஒரு சபலம் உண்டு. ஏறிப் படுத்தார்.

"பாருங்க, இப்படி. கண்ணை மூடணும். நீங்க தலைமாட்டுல நிக்கணும். நான் உங்களைப் பார்க்கக் கூடாது."

"தலைமாட்டுலதான் நிக்கறேன்."

"பேஷ். இப்ப மனசுல என்ன வந்தாலும் ஒளிக்காம வாயைத் திறந்து..."

"இன்னும் கொஞ்சம் பெருசா."

"ஆ..."

நாற்காலி பின்னுக்குச் சாய்ந்தது. மரத்துப்போக ஊசி இறங்கியது. திரைக்குப் பின்னாலிருந்து வந்த யாரோ அவருடைய இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். கண்ணைத் திறக்காமலே அன்செல்முக்கு அந்தக் கைகள் யாருடையவை என்று தெரிந்துவிட்டது. என்ன அதிசயமோ, வாயை இன்னும் அகலமாகத் திறந்தார்.

வோண்ட்ராக்குக்கு ஆயுளில் ஒரு கனவும் வந்ததில்லை. படுத்தால் மரக்கட்டை.

ஆனால் ஹெர்மினே எதிர்பாராதது ஒன்று நடந்தது. வேர் உடைந்துவிட்டது, தோண்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. "நாளைக்கு விடியற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது," என்றார் வோண்ட்ராக். வாய் நிறையப் பஞ்சோடு அன்செல்ம் மனைவியைப் பார்த்தார். அவள் முகமும் வெளுத்திருந்தது.

"நான் படிக்கறேங்க," என்றாள் கடைசியில்.

மாலையில் புகை மண்டிய அறையில், கறுப்புக் காபிக்கும் கேக்குக்கும் நடுவே, ஹெர்மினே படித்தாள். முதல் வரிசையில் அன்செல்ம், மோவாயைச் சுற்றி உச்சந்தலையில் முடிச்சிட்ட கட்டோடு உட்கார்ந்திருந்தார். பதினாலாம் பக்கத்தில் அவள் தாளைக் கீழே வைத்தாள்.

"இதுக்கு ஒரு உதாரணம் சொல்லணும். எனக்குத் தெரிஞ்ச ஒரு நல்ல மனுஷர். பேர் சொல்லமாட்டேன். இந்தத் தொழில்ல பேர் சொல்லக் கூடாது."

திங்கட்கிழமை காபியில் தொடங்கி ரவை வரைக்கும் சொன்னாள். சர்க்கரை தூவியதைக்கூட விடவில்லை. முப்பது தலைகளும் மெல்லத் திரும்பி அந்த முடிச்சைப் பார்த்தன.

தலைவர் ரோஸ்னர் கேள்வி கேட்டே ஆளைச் சாய்ப்பவர். எழுந்தார். "இத்தனை தந்திரம் பண்ணியும் அவருக்குப் பயம் போகலையேம்மா. அப்புறம் எதுக்கு இந்தத் தந்திரமெல்லாம்?"

"பயம் போறதுக்கு இல்லீங்க. பயத்தோடவே எழுந்து வேலைக்குப் போறதுக்கு. அதையும் பிடுங்கிட்டா மனுஷன் விழுந்துடுவான். பக்கத்துல கையைப் பிடிச்சுக்க ஒருத்தர் இருந்தா, தானாவே ஒவ்வொண்ணா விட்டுடுவான்."

இது கட்டுரையில் இல்லையே என்று அன்செல்ம் நினைத்தார். இருந்திருக்க வேண்டும் என்றும் நினைத்தார். கன்னத்தை மறந்து முதலில் கைதட்டியவர் அவர்தான்.

அவரையும் அவளையும் வெளியே நிற்கவைத்து ஓட்டெடுத்தார்கள். கட்டுரை படித்தவரைத்தான் சேர்க்க வேண்டும் என்பது கழகத்தின் விதி, ஒருவர்கூட எதிர்க்கவில்லை. புது உறுப்பினரை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அன்செல்ம் நடைவழியில் கோட்டுகளுக்குப் பக்கத்தில் அரை மணி நேரம் காத்திருந்தார். அவருக்குப் பெருமையாக இருந்தது. அதே அளவுக்குப் பொறாமையாகவும் இருந்தது. எது கட்டுரையில் எத்தனையாம் பக்கம் என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

ஹெர்மினே வெளியே வந்ததும் சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்து எழுதிக் காட்டினார்: 'என்னை எப்போது சேர்ப்பார்கள்?'

ஹெர்மினே அவர் கோட்டுப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டாள்.

"புதுசா ஒரு விதி வந்திருக்குங்க, இப்பதான் நானும் கை தூக்கிட்டு வர்றேன். சேரணும்கறவங்க முதல்ல ஒரு உறுப்பினர்கிட்ட ஒரு வருஷம் படுத்துப் பேசணுமாம். நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்கு நான் சும்மாதான் இருக்கேன்."