எனக்கென்று ஒரு தனி மைக்

இந்த வருடம் நான் பாடியே தீருவது என்று முடிவெடுத்தேன்.

அது சின்ன முடிவல்ல. மானிப்பாய்ப் பக்கத்தில் எங்கள் தேவாலயத்துப் பாடகர் குழுவை நடத்துகிறவள் என் மனைவி நிமலினி. பதினொரு வருடமாக அந்தக் குழு பாடுகிறது. பதினொரு வருடமாக நான் வயர் இழுத்து, ஒலி மிக்சரில் இருக்கிறேன். ஒவ்வொரு முறையும், "நானும் ரெனர் குரல் ஆம்பிளையளோடை நிண்டு பாடட்டே?" என்று கேட்பேன். ஒவ்வொரு முறையும் ஒரே பதில்.

"நீங்கள் பாடப் போனா மிக்சரிலை ஆர் இருக்கிறது?"

கேள்வி நியாயமானது. அதுதான் அதிலுள்ள அநியாயம்.

என் குரலைப் பற்றி அவள் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. நான் குளிக்கும்போது பாடத் தொடங்கினால் மட்டும் கிணற்று மோட்டரைப் போட்டுவிடுவாள். தண்ணீர்த் தாங்கி நிரம்பி வழிந்தாலும் நிற்பாட்டமாட்டாள்.

சபையின் நூற்றிருபத்தைந்தாவது ஆண்டுக்குப் பத்துக் கீர்த்தனைகளைப் பதிவு செய்து வெளிநாட்டிலுள்ள எங்கள் சனங்களுக்கெல்லாம் அனுப்புவதென்று தீர்மானமானது. அதற்காகவே கனடாவிலிருந்து ஒரு பழைய சபையார் டிஜிற்றல் மிக்சர் ஒன்றும் றெக்கோடர் இரண்டும் அனுப்பியிருந்தார். பெட்டியை எங்கள் வீட்டில் இறக்கினேன்.

"நிமலி, மிக்சர் வந்திட்டுது!"

"கச்சான் கடலை போட்டதோ?" என்று குசினியிலிருந்து குரல் வந்தது.

மிக்சரோடு வந்த புத்தகத்தின் நாற்பத்திரண்டாம் பக்கத்தில் என் விடுதலை இருந்தது. எங்கோ ஒரு மூலையில் றெக்கோடர்களை வைத்துவிட்டு, மிக்சரிலிருந்தே அவற்றை ஓட்டலாம், நிற்பாட்டலாம். அதைவிட மேலாக, மிக்சரில் ஒரு பெடலைப் பொருத்தினால் போதும். காலால் ஒரு மிதி. இரண்டும் ஒன்றாகப் பதியத் தொடங்கும். மிக்சருக்குப் பக்கத்தில் ஆளே தேவையில்லை. அந்த ஆள் ரெனர் வரிசையில் நிற்கலாம்!

நாலு நாள் சாப்பாட்டு மேசை என் வசம். பெடலை மிதித்தால் ஒரு றெக்கோடர் ஓடியது. மற்றது கொட்டாவிகூட விடவில்லை. மற்றதை எழுப்பினால் முதலாவது படுத்துவிட்டது. ஐந்தாம் நாள், புட்டுக் கோப்பையை வைக்க இடம் தேடி வந்த நிமலினி திரையை எட்டிப் பார்த்தாள்.

"இதென்னப்பா, ரெண்டுக்கும் ஒரே நம்பர் குடுத்திருக்கிறியள்?"

"அது நம்பர் இல்லை. விலாசம். மிக்சர் அதைப் பாத்துத்தான் றெக்கோடரைத் தேடிப் போகும். உமக்கு விளங்காது."

"ரெண்டு வீட்டுக்கும் ஒரே விலாசம் எண்டா தபால்காரன் எந்த வீட்டை போறது?"

ஒன்றின் கடைசி இலக்கத்தை மாற்றினேன். மிதித்தேன். இரண்டிலும் சிவப்பு விளக்கு.

"நானும் அதைத்தான் யோசிச்சுக்கொண்டிருந்தனான்," என்றேன்.

"ஓம், முகத்திலை தெரிஞ்சது."

சூட்டோடு சூடாக விசயத்தைப் போட்டு உடைத்தேன். "இனி மிக்சரிலை ஒருத்தரும் குந்தியிருக்கத் தேவையில்லை. நான் பாடலாம்."

அவள் முகம் மாறுமென்று காத்திருந்தேன். மாறவில்லை. புட்டின்மேல் சம்பலை வைத்தபடி கொஞ்சம் யோசித்தாள்.

"நல்லதுதானே. பாடுங்கோவன்."

பதினொரு வருடப் போர் ஒரு பிடி புட்டோடு முடிந்துவிட்டது!

"ஆனா ஒண்டு," என்றாள். "நான்தானே முன்னுக்கு நிண்டு நடத்துறன். உந்த மிக்சர் எனக்குப் பக்கத்திலை இருக்கட்டும். ஏதும் பிழைச்சா ஆராவது பாக்க வேணுமெல்லே? எது எதுக்கெண்டு சொல்லித் தாங்கோ."

ஒரு மணி நேரம் வகுப்பெடுத்தேன். கொப்பியில் எழுதிக்கொண்டாள். இப்படிப் பணிவான மாணவியை நான் கண்டதேயில்லை.

"இன்னொண்டு," என்றாள் கொப்பியை மூடிக்கொண்டு. "உங்களுக்கு ஒரு தனி மைக் போடுவம்."

"எனக்கோ?"

"மற்றாக்களோடை சேத்து நிப்பாட்டினா உங்கடை குரல் அமுங்கிப் போடும். எட்டாவது மைக் உங்களுக்கு."

கண் கலங்கிவிட்டது. கலியாணமாகி இருபத்தாறு வருடத்தில் என் குரலைப் பற்றி அவள் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது.

சனிக்கிழமை பின்னேரம் பதிவு. பக்கத்து வைரவர் கோயில்காரர் எங்களுக்காக இரண்டு மணி நேரம் ஒலிபெருக்கியை நிற்பாட்டி உதவினார்கள். என் இடத்தைத் தேடினேன். பின்னால், ஆளளவு மொத்தமான தூணுக்கு அந்தப் பக்கம் இருந்தது.

"இஞ்சை ஏன்?"

"நீங்கள் பெடல் மிதிக்கிற சத்தம் மற்ற மைக்குகளிலை விழப்படாதெல்லே?" என்றாள் நிமலினி. "மைக்கை வாயோடை வைச்சு, மெல்லமாப் பாடுங்கோ. தனி மைக் எண்டா அப்பிடித்தான் பாடுறது."

தொழில்நுட்பக் காரணம். தூணுக்குப் பின்னால் போய் நின்றேன்.

அவளின் உயர்த்திய கை மட்டும் தெரிந்தது. மிதித்தேன். றெக்கோடர்களை வைத்த பக்க அறையின் திறந்த கதவுக்குள் இரண்டு சிவப்பு விளக்குகளும் எரிந்தன. கண்ணை மூடினேன். பாடினேன். பத்துக் கீர்த்தனையும் உருகி உருகிப் பாடினேன். என் குரலில் இவ்வளவு பக்தி இருக்குமென்று எனக்கே தெரியாது.

அடுத்த கிழமை ஆராதனை முடிந்ததும் பாட்டுகளைச் சபைக்குப் போட்டுக் காட்டினார்கள். கைதட்டல் அடங்க நேரமெடுத்தது. இளம் போதகர் நேரே வந்து என் கையைப் பிடித்தார்.

"நேசராஜா அண்ணை, நீங்கள் சேந்தாப் பிறகு ரெனருக்கே ஒரு களை வந்திட்டுது. உங்கடை குரல் தனியாத் துருத்திக்கொண்டு நிக்கேல்லை பாருங்கோ, அதுதான் பெரிய விசயம்."

ரெனர் பாடுகிற றோகானும் வந்தான். "அண்ணை, இவ்வளவு அடக்கமான குரலை இவ்வளவு காலமும் எங்கை ஒளிச்சு வைச்சிருந்தனீங்கள்?"

தலையைக் குனிந்து ஏற்றுக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அந்த அடக்கமான குரலைத் தனியாகக் கேட்க ஆசை வந்தது. றெக்கோடரில் ஒவ்வொரு மைக்கும் வேறு வேறாகப் பதிந்திருக்கும். ஒன்று முதல் ஏழுவரை அருமை. எட்டைப் போட்டேன். சத்தமில்லை. மற்ற றெக்கோடரிலும் இல்லை. பத்துப் பாட்டிலும் இல்லை. நான் மூச்சு விட்டதுகூட இல்லை.

"நிமலி! எட்டிலை ஒண்டுமே பதியேல்லை!"

அவள் காய்ந்த உடுப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள். "பதியாது. நான்தான் மிக்சரிலை அதின்ரை சத்தத்தைப் பூட்டி வைச்சனான்."

"எப்ப?"

"நீங்கள் பெடலை மிதிக்க முதல்."

"பத்துப் பாட்டுக்குமோ?"

"ஒருக்காப் பூட்டினாக் காணும். நீங்கள்தானே சொல்லித் தந்தனீங்கள்."

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. "இப்பவே போதகருக்கு ரெலிபோன் எடுத்துச் சொல்லப் போறன்!"

"சொல்லுங்கோ. அவர் ஆரின்ரை குரலைப் பாராட்டினவர் எண்டதையும் சேத்துச் சொல்லுங்கோ."

ரெலிபோனைக் கையில் எடுத்தேன். பிறகு மேசையில் வைத்துவிட்டேன்.

நிமலினி என் சேர்ட்டை மடித்து, என் கையில் வைத்து, அன்பாகத் தட்டிக்கொடுத்தாள்.

"வாற நத்தார்ப் பண்டிகைக்கும் இதே மாதிரிப் பாடுங்கோப்பா. சனத்துக்கு நல்லாப் பிடிச்சிருக்கு."